மறையும் முறையும்: அரசின் கண்காணிப்பு இரகசியங்களை வெளியிடுதல் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒற்று அரசனின் கண் என்பது தமிழ் அரசியல் சிந்தனை நெடுங்காலமாகப் போற்றிவரும் கருத்து. திருக்குறளின் பொருட்பாலில் ‘ஒற்றாடல்’ எனத் தனியோர் அதிகாரம் அமைந்துள்ளது. ஒற்றன் எத்தகைய நிலையிலும் தான் அறிந்ததை வெளியிடாத ஆற்றல் உடையவனாக இருத்தல் வேண்டும் என்பதும், பிறர் அறிய ஒற்றனுக்குச் சிறப்புச் செய்யும் அரசன் தன் மறையைத் தானே வெளிப்படுத்தியவன் ஆவான் என்பதும் அவ்வதிகாரத்துள் வலியுறுத்தப்படுகின்றன. அதே பொருட்பாலில், தவறு கண்டவிடத்து இடித்துரைக்கும் துணையைப் பெறாத மன்னன், கெடுக்கும் பகைவர் எவரும் இல்லாதபோதும் கெடுவான் என்னும் எச்சரிக்கையும் இடம்பெறுகிறது. மறை காத்தல், இடித்துரைத்தல் ஆகிய இவ்விரு நெறிகளும் பெரும்பாலும் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை. ஆயின் ஒற்றே முறை தவறும்போது அவை மோதுகின்றன. ஒற்றின் தவற்றை இடித்துரைக்க விழைவோர் மறையை உடைக்காமல் வாய் திறக்க இயலாது.

மக்களாட்சி நாடுகளில் இம்மோதல் மேலும் கூர்மை பெறுகிறது. மன்னனுக்குரிய இறைமை மக்களுக்கு உரியதாகிவிட்ட அமைப்பில், அம்மக்களையே ஒற்றாடும் அரசு, தன் செயலை அம்மக்களிடமிருந்தே மறைக்கிறது. அம்மறையை உடைத்து வெளியிடுவது நியாயமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பென்சில்வேனியா மாநிலத்தின் மீடியா என்னும் சிறுநகரில் 1971ஆம் ஆண்டு நிகழ்ந்த ஆவண வெளியீடு இவ்வாய்வின் மையப் பொருளாகக் கொள்ளப்படுகிறது. எட்வர்டு ஸ்னோடன் 2013இல் செய்த வெளியீடும், இந்தியாவில் 1991 முதல் இப்பொருள் குறித்து நீதிமன்றங்களில் எழுந்த வழக்குகளும் ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

வினாவின் எல்லை

அரசின் இரகசியங்கள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. படை நகர்வு, ஆயுத அமைப்பு, பகை நாட்டில் பணியாற்றும் ஒற்றரின் பெயர் போன்றவை ஒரு வகை. அரசு தன் குடிமக்களைக் கண்காணிக்கும் முறை, அளவு, சட்ட அடிப்படை ஆகியவை மற்றொரு வகை. முதல் வகை இரகசியத்தை வெளியிட்டால் கேடு விளையும் என்பதில் கருத்து வேறுபாடு மிகுதியாக இல்லை. இரண்டாம் வகையே இங்கு ஆய்வுக்குரியது.

இரண்டாம் வகைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பொருளைக் களவு கொடுத்தவன் தன் இழப்பை அறிவான், காவலரிடம் முறையிடுவான். நிலத்தை அரசு பறித்துக்கொண்டால் உரியவன் நீதிமன்றம் செல்வான். ஆனால் கண்காணிக்கப்படுபவர் தாம் கண்காணிக்கப்படுவதை அறியார். அறியாதவர் முறையிடார். முறையீடு இல்லாத இடத்தில் வழக்கு இல்லை. வழக்கு இல்லாத இடத்தில் தீர்ப்பும் இல்லை. ஆகவே கண்காணிப்பில் நிகழும் சட்டமீறல், பிற சட்டமீறல்களைப் போலன்றி, தன்னைக் குறித்த வழக்கைத் தானே தடுத்துக்கொள்ளும் இயல்புடையது. வெளியீடு நியாயமா என்னும் வினாவுக்கு விடை காண முற்படுவோர் இவ்வியல்பை முதலில் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

மீடியா நகர நிகழ்வு

1971இல் எஃப்.பி.ஐ. எனப்படும் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகத்தின் தலைவராக இருந்தவர் ஜே. எட்கர் ஹூவர். 1924 முதல் அப்பொறுப்பை வகித்த அவருடைய நிறுவனத்தை மேற்பார்வையிடும் ஆற்றலோ விருப்பமோ அந்நாட்டு நாடாளுமன்றத்திற்கு அக்காலத்தில் இருக்கவில்லை. வியட்நாம் போரை எதிர்த்த இயக்கங்களுக்குள் ஒற்றர்கள் ஊடுருவியுள்ளனர் என்ற ஐயம் பரவலாக இருந்தது, சான்று இல்லை. ஹாவர்ஃபோர்டு கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் வில்லியம் டேவிடன், சான்றைப் பெறுவதற்கு ஒரே வழி அந்நிறுவனத்தின் கோப்புகளையே எடுத்துப் பார்ப்பது என்னும் முடிவுக்கு வந்தார். அவரோடு சேர்ந்து எண்மர் கொண்ட குழு உருவாயிற்று. டெம்பிள் பல்கலைக்கழகச் சமயத்துறைப் பேராசிரியர் ஜான் ரெயின்ஸ், அவர் மனைவி பானி ரெயின்ஸ், வாடகைக் கார் ஓட்டிய கீத் ஃபோர்சைத் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். ரெயின்ஸ் இணையருக்கு அப்போது மூன்று சிறு குழந்தைகள் இருந்தனர். பிடிபட்டால் நெடுங்காலச் சிறைவாசம் உறுதி என்பதை அவர்கள் அறிந்தே இருந்தனர்.

பிலடெல்பியாவுக்கு அருகிலுள்ள மீடியா நகரில் எஃப்.பி.ஐ.யின் சிறிய கிளை அலுவலகம் ஒன்று இயங்கியது. பானி ரெயின்ஸ், பெண்களுக்கான பணிவாய்ப்புகள் குறித்து ஆராயும் கல்லூரி மாணவியைப் போல அங்குச் சென்று, அலுவலகத்தின் அமைப்பை முன்கூட்டியே கண்டறிந்து வந்தார். 1971 மார்ச் 8ஆம் நாள் இரவு, முகமது அலியும் ஜோ பிரேசியரும் மோதிய குத்துச்சண்டையில் நாடே கவனம் செலுத்தியிருந்த வேளையில், குழுவினர் கதவைத் திறந்து உள்ளே சென்று கோப்புகள் அனைத்தையும் பெட்டிகளில் அள்ளிச் சென்றனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அவர்கள் கைக்கு வந்தன.

அவற்றை அவர்கள் அப்படியே வெளியில் கொட்டிவிடவில்லை. பத்து நாள்களுக்கு மேலாகப் படித்து வகைப்படுத்தினர். அரசியல் கண்காணிப்புத் தொடர்பானவற்றைப் பிரித்தெடுத்து, படியெடுத்து, செய்தியாளர்களுக்கும் இரு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அஞ்சலில் அனுப்பினர். செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன், பிரதிநிதி பாரன் மிட்செல் ஆகிய அவ்விரு உறுப்பினர்களும் தமக்கு வந்தவற்றை எஃப்.பி.ஐ.யிடமே ஒப்படைத்தனர். இருவருமே போரை எதிர்த்தவர்கள் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. சட்டத்தை இயற்றும் பொறுப்புடையோர், களவில் வந்த பொருளைத் தொட மறுத்தது இயல்பே. ஆயினும் அந்நிறுவனத்தை ஆராய வேண்டிய அவையின் உறுப்பினர்கள், அதன் தவற்றுக்கான சான்றை அந்நிறுவனத்திடமே திருப்பித் தந்தனர் என்பதும் உண்மையே. முறையான வாயில் எந்த அளவுக்கு அடைபட்டிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழின் செய்தியாளர் பெட்டி மெட்ஸ்கருக்கும் ஆவணங்கள் வந்தன. அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜான் மிட்செல், அவற்றை வெளியிட வேண்டா எனவும், வெளியிட்டால் நாட்டின் பாதுகாப்புக்கும் மனித உயிருக்கும் தீங்கு நேரலாம் எனவும் கேட்டுக்கொண்டார். இதழின் பொறுப்பாளர்கள் ஆவணங்களைப் படித்துப் பார்த்து, அத்தகைய தீங்குக்கு இடமில்லை எனத் துணிந்து, மார்ச் 24ஆம் நாள் செய்தியை வெளியிட்டனர்.

ஆவணங்கள் காட்டியவை

நடைமுறைக் கையேடுகளும் படிவங்களும் நீங்கலாக எஞ்சியவற்றைக் குழுவினர் பகுத்துக் காட்டிய கணக்கு வருமாறு: அரசியல் கண்காணிப்பு நூற்றுக்கு 40, வங்கிக் கொள்ளை 25, கொலை, பாலியல் வன்முறை, மாநிலங்களுக்கிடையிலான திருட்டு ஆகியன 20, கட்டாய இராணுவச் சேவை மறுப்பு 7, அனுமதியின்றிப் படையை விட்டு நீங்குதல் 7, திட்டமிட்ட குற்றக் கும்பல்கள் 1. குற்றங்களைத் துப்பறிவதற்கென மக்கள் வரிப்பணத்தில் இயங்கிய ஒரு நிறுவனத்தின் கிளை, தன் உழைப்பில் பெரும் பங்கை எதில் செலவிட்டது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

கறுப்பின மாணவர் சங்கங்கள், வன்முறையில் ஈடுபட்டவையா அல்லவா என்ற வேறுபாடின்றி, கண்காணிப்புக்கு உள்ளாக்கப்பட்டிருந்தன. ஸ்வார்த்மோர் கல்லூரியில் தொலைபேசி இணைப்பகப் பணியாளர் முதலியோர் தகவல் அளிப்போராகப் பயன்படுத்தப்பட்டிருந்தனர். எதிர்ப்பு இயக்கத்தினரிடையே அச்சத்தைப் பெருக்கும் பொருட்டு நேர்காணல்களை மிகுதிப்படுத்துமாறும், ஒவ்வோர் அஞ்சல் பெட்டிக்குப் பின்னும் ஓர் அலுவலர் நிற்கிறார் என்ற எண்ணத்தை அவர்களிடம் ஏற்படுத்துமாறும் ஓர் ஆவணம் அறிவுறுத்தியது. இங்குக் கண்காணிப்பின் நோக்கம் செய்தி அறிதல் மட்டுமன்று; அச்சுறுத்தலும் ஆகும். ஒற்றாடல் என்ற நிலையிலிருந்து ஒடுக்குதல் என்ற நிலைக்கு அது கடந்துவிட்டது.

ஆவணங்களுள் ஒன்றின் மீது ‘கொயின்டெல்புரோ’ என்ற சொல் காணப்பட்டது. அதன் பொருள் எவருக்கும் விளங்கவில்லை. என்.பி.சி. தொலைக்காட்சியின் செய்தியாளர் கார்ல் ஸ்டெர்ன் அச்சொல்லைப் பின்தொடர்ந்தார். கேட்ட தகவல் மறுக்கப்பட்டபோது, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்து வென்றார். 1973 டிசம்பரில் முதல் ஆவணங்கள் அவருக்கு அளிக்கப்பட்டன. 1956இல் பொதுவுடைமைக் கட்சிக்கு எதிராகத் தொடங்கி, பின்னர்ப் பல இயக்கங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்ட இரகசியச் செயல்திட்டத்தின் பெயரே அச்சொல் என்பது அப்போது வெளிப்பட்டது. இயக்கங்களைப் பிளவுபடுத்துதல், தலைவர்களின் நற்பெயரைக் கெடுத்தல், பெயரில்லாக் கடிதங்கள் அனுப்புதல் ஆகியன அத்திட்டத்தின் வழிமுறைகள். ஹூவர் 1971 ஏப்ரலில், அதாவது மீடியா ஆவணங்கள் வெளியான சில வாரங்களுக்குள், அத்திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவர ஆணையிட்டிருந்தார்.

வெளியீட்டிலிருந்து சட்டத்திற்கு

மீடியா நிகழ்வு ஒன்றே பின்னர் ஏற்பட்ட சீர்திருத்தங்களுக்குக் காரணம் எனக் கூறுதல் வரலாற்று முறைக்கு ஒவ்வாது. இராணுவம் குடிமக்களைக் கண்காணித்து வந்ததை முன்னாள் இராணுவ அலுவலர் கிறிஸ்டோபர் பைல் 1970 ஜனவரியிலேயே ஒரு கட்டுரை வாயிலாக வெளிப்படுத்தியிருந்தார். வாட்டர்கேட் விவகாரம் அரசின் மீதான நம்பிக்கையைக் குலைத்தது. சி.ஐ.ஏ. நிறுவனம் சட்டத்துக்கு மாறாக உள்நாட்டில் ஒற்றாடியது குறித்து செய்மர் ஹெர்ஷ் 1974 டிசம்பர் 22இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் எழுதிய செய்தியே நாடாளுமன்றத்தை உடனடியாகச் செயல்படத் தூண்டியது. இவை அனைத்தும் ஒரு பொதுத்தன்மை உடையவை: ஒவ்வொன்றிலும், உள்ளிருந்து அல்லது மறைவாகப் பெறப்பட்ட செய்தியே தொடக்கப் புள்ளி.

1975 ஜனவரி 27இல் 82க்கு 4 என்ற வாக்கு வேறுபாட்டில் செனட் அவை, பிராங்க் சர்ச் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 1976இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை கூறும் செய்திகள் மீடியா ஆவணங்கள் காட்டியவற்றினும் பன்மடங்கு விரிந்தவை. எஃப்.பி.ஐ. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட உள்நாட்டு உளவுக் கோப்புகளைத் திறந்திருந்தது. 1953 முதல் 1973 வரை சி.ஐ.ஏ. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கடிதங்களைப் பிரித்துப் படியெடுத்திருந்தது. தேசியப் பாதுகாப்பு முகமை, தந்தி நிறுவனங்களுடன் கொண்ட இரகசிய ஏற்பாட்டின் வழியாக இலட்சக்கணக்கான தனியார் தந்திகளைப் பெற்றிருந்தது. மார்ட்டின் லூதர் கிங்கிற்கு 1964இல், அவரைத் தற்கொலைக்குத் தூண்டும் வகையில் எழுதப்பட்ட பெயரில்லாக் கடிதம் எஃப்.பி.ஐ.யிலிருந்தே சென்றது என்பதும் வெளிவந்தது.

இதன் பயனாக, இரு அவைகளிலும் உளவு நிறுவனங்களை மேற்பார்வையிடும் நிலைக்குழுக்கள் அமைந்தன. 1978இல் அயல்நாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம் நிறைவேறியது. உள்நாட்டில் இத்தகைய மின்னணுக் கண்காணிப்பை மேற்கொள்ளச் சிறப்பு நீதிமன்றம் ஒன்றின் ஆணையைப் பெறவேண்டும் என்ற விதி ஏற்பட்டது. சட்டத்தை மீறிய ஒரு செயல், சட்டம் பிறப்பதற்கு வழி செய்த காரணங்களுள் ஒன்றாயிற்று. மீடியா குழுவைத் தேடி ஏறத்தாழ 200 அலுவலர்கள் அமர்த்தப்பட்டும் எவரும் பிடிபடவில்லை. ஐந்தாண்டுக் காலவரம்பு கடந்தபின் 1976 மார்ச்சில் வழக்கு மூடப்பட்டது. குழுவினருள் பெரும்பாலோர் 2014 ஜனவரியிலேயே தம்மை வெளிப்படுத்திக்கொண்டனர். டேவிடன் அதற்கு முன்பே, 2013இல் மறைந்துவிட்டார்.

மறுப்பு வாதங்கள்

இவ்வெளியீட்டைப் பாராட்டுவதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. எதிர்த்தரப்பு வாதங்கள் வலிமையுடையவை. அவற்றுள் மூன்றை ஈண்டு ஆராயலாம்.

முதலாவது, அதிகாரம் பற்றியது. நாட்டின் இரகசியங்களுள் எதனை மக்கள் அறியலாம் என முடிவு செய்யும் உரிமையை அவ்வெண்மருக்கு வழங்கியவர் யார்? அவர்களை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. நல்லெண்ணம் கொண்ட எண்மர் கோப்புகளைத் திறக்கலாம் எனில், தீய எண்ணம் கொண்ட வேறு எண்மரும் அதே நியாயத்தைக் கூறலாம் அன்றோ?

இரண்டாவது, தீங்கு பற்றியது. 1975 டிசம்பர் 23இல் ஏதென்சு நகரில் சி.ஐ.ஏ.யின் பொறுப்பாளர் ரிச்சர்டு வெல்ச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயர் அதற்கு முன்பே அமெரிக்க இதழ் ஒன்றிலும் ஏதென்சு நாளிதழ் ஒன்றிலும் வெளியாகியிருந்தது. அவர் குடியிருந்த வீடு அந்நகரில் பலரும் அறிந்ததே என்பதால், வெளியீடே கொலைக்குக் காரணம் எனக் கூறுவது சர்ச்சைக்குரியது. எனினும் ஒற்றரின் பெயரை வெளியிடுவது உயிரோடு விளையாடுவது என்ற உணர்வு வலுப்பெற்று, 1982இல் அதனைக் குற்றமாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டத்தின் அடிப்படை நியாயம் மறுக்கத்தக்கதன்று. பெயர்களை வெளியிடுதல் கண்காணிப்பின் முறைகேட்டை வெளியிடுதல் ஆகாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இருதரப்பிலும் காணப்படும் பிழை.

மூன்றாவது வாதமே ஆழமானது. சட்டத்தை மறைவாக மீறுதல் நன்மைக்காகவே என்று கூறியவர் ஹூவர். மீடியா குழுவினரும் சட்டத்தை மறைவாகவே மீறினர், நன்மைக்காகவே என்றனர். இருசாராரும் தாம் செய்தது சரி எனத் தாமே தீர்ப்பளித்துக்கொண்டனர். ஒன்றைக் கண்டித்து மற்றொன்றைப் போற்றுவது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வினாவுக்கான விடை, மீறலின் நோக்கத்தில் இல்லை. அது எத்திசை நோக்கிச் செல்கிறது என்பதில் உள்ளது. எஃப்.பி.ஐ.யின் மீறல் எக்காலத்தும் எவருடைய தீர்ப்புக்கும் உட்படாதிருக்கும்படி அமைக்கப்பட்டது. வெளிப்பட்டவுடனேயே அத்திட்டம் கைவிடப்பட்டது என்பது, அது வெளிச்சத்தில் நிற்க இயலாதது என்பதற்கு அந்நிறுவனமே அளித்த ஒப்புதல். குழுவினரின் மீறலோ, தீர்ப்பு வழங்கும் உரிமையுடையோரின் முன் செய்தியைக் கொண்டுசேர்ப்பதையே முடிவாகக் கொண்டது. நாடாளுமன்றம், நீதிமன்றம், இதழியல் ஆகிய மூன்றும் அச்செய்தியை ஏற்கவும் தள்ளவும் உரிமை பெற்றிருந்தன. முதலது தீர்ப்பைத் தடுத்த மீறல். இரண்டாவது தீர்ப்பை வேண்டிய மீறல். அவர்கள் தண்டனைக்குத் தம்மை உட்படுத்திக்கொள்ளாமல் மறைந்திருந்தமை ஒரு குறை எனலாம். ஆயினும் வெளியிட்ட செய்தியின் மெய்ம்மை, வெளியிட்டவரின் சிறைவாசத்தைச் சார்ந்து நிற்பதன்று.

வழக்குரிமையும் வெளியீடும்

முறையான வழி திறந்திருக்கும்போது மீறலுக்குத் தேவை என்ன என வினவலாம். நீதிமன்றங்கள் இப்பொருளை எதிர்கொண்ட வரலாறு இதற்கு விடை தருகிறது. இராணுவக் கண்காணிப்பை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில், கண்காணிப்பால் அச்சம் ஏற்பட்டது என்பது மட்டும் வழக்குரிமைக்குப் போதாது எனத் தீர்ப்பளித்தது. 2013 பிப்ரவரியில், 2008ஆம் ஆண்டின் கண்காணிப்புச் சட்டத் திருத்தத்தை எதிர்த்த வழக்கிலும் அதே 5க்கு 4 பெரும்பான்மையில், தாங்கள் கண்காணிக்கப்படுவதை மனுதாரர்கள் மெய்ப்பிக்கவில்லை எனக் கூறி மனு தள்ளப்பட்டது. மெய்ப்பிப்பதற்கான சான்றோ இரகசியம். கதவைத் திறக்கச் சாவி வேண்டும்; சாவி கதவுக்கு உள்ளே இருந்தது.

1978இல் தீர்வாக அமைக்கப்பட்ட சிறப்பு நீதிமன்றமும் காலப்போக்கில் மறையின் ஒரு பகுதியாகிவிட்டது. அது ஒரு தரப்பை மட்டுமே கேட்டு, தீர்ப்புகளை வெளியிடாமல் இயங்கியது. 1979 முதல் 2012 வரை அதன் முன் வந்த 33,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களுள் முழுமையாக மறுக்கப்பட்டவை பன்னிரண்டைத் தாண்டவில்லை. விண்ணப்பங்கள் பல திருத்தப்பட்ட பின்னரே ஏற்கப்பட்டன என அதன் சார்பாளர் கூறுவர். அவ்வாறாயினும், அந்நீதிமன்றம் சட்டத்துக்கு என்ன பொருள் கொண்டது என்பதை மக்கள் அறியவில்லை. 2013 மார்ச் 12இல், கோடிக்கணக்கான அமெரிக்கர் பற்றிய தரவுகள் திரட்டப்படுகின்றனவா எனச் செனட் குழுவில் வினவப்பட்டபோது, தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர், அறிந்து செய்வதில்லை என்ற பொருள்பட விடையிறுத்தார்.

2013 ஜூன் 5இல் ‘கார்டியன்’ இதழ், ஸ்னோடன் அளித்த நீதிமன்ற ஆணை ஒன்றை வெளியிட்டது. வெரைசன் நிறுவனம் தன் இணைப்புகளின் அழைப்புப் பதிவுகளை, யார் யாரை எப்போது எவ்வளவு நேரம் அழைத்தார் என்ற விவரங்களை, நாள்தோறும் ஒப்படைக்க வேண்டும் என்பது அவ்வாணை. சாவி இப்போது வெளியில் வந்துவிட்டது. இணைப்பைப் பெற்றிருந்தோர் தாம் பாதிக்கப்பட்டதை மெய்ப்பிக்க முடிந்தது. 2015 மே 7இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, இத்திரட்டல் சட்டம் அளித்த அதிகாரத்தைக் கடந்தது எனத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அம்முறையை மாற்றிச் சட்டம் இயற்றியது. தனியுரிமை, குடியுரிமை மேற்பார்வை வாரியம் 2014 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, பயங்கரவாத எதிர்ப்பு விசாரணை எதன் முடிவிலும் இத்திட்டம் குறிப்பிடத்தக்க மாற்றத்தை விளைவித்ததாகக் காண இயலவில்லை எனக் கூறியது.

ஸ்னோடனின் செயல் முழுவதையும் இச்சான்று நியாயப்படுத்திவிடாது. அவர் எடுத்துச்சென்ற ஆவணங்களுள் பெரும்பாலானவை குடிமக்களின் தனியுரிமையோடு தொடர்பற்ற பாதுகாப்புத் திட்டங்களைச் சார்ந்தவை என அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் உளவுக்குழு 2016இல் குற்றம் சாட்டியது. அயல்நாடுகளில் நிகழும் ஒற்றாடல் பற்றிய செய்திகளும் வெளிவந்தன. அவர் உருசியாவில் தங்கி, 2022இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றமையும் கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆகவே ஒரே வெளியீட்டாளரின் செயலிலும் நியாயமான பகுதி, நியாயம் ஐயத்துக்குரிய பகுதி எனப் பிரித்துக் காண்பதே ஆய்வு நெறிக்கு உகந்தது. வெளியீட்டாளர் வீரரா துரோகியா என்ற வினா இப்பிரிப்பை மறைத்துவிடுகிறது.

இந்தியச் சூழல்

இந்தியாவிலும் இவ்வினா புதியதன்று. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டமும் குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்றவை. முன்னது செய்தியை இடைமறிக்க அதிகாரம் அளித்தது. பின்னது அரசுச் செய்தியை வெளியிடுவதைக் குற்றமாக்கியது. ஆளப்படுவோரை ஐயுற்ற ஆட்சி இயற்றிய இவ்விரு சட்டங்களும் விடுதலைக்குப் பின்னரும் நிலைத்தன.

1991 மார்ச்சில், அரசியல் தலைவர்களின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டது குறித்த மத்தியப் புலனாய்வுத் துறையின் அறிக்கை ‘மெயின்ஸ்ட்ரீம்’ இதழில் வெளிவந்தது. அதனை அடுத்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தது. 1996 டிசம்பர் 18இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, தொலைபேசி உரையாடல் தனியுரிமையின் பாற்படும் எனவும், அது அரசமைப்பின் 21ஆம் உறுப்பால் காக்கப்படும் எனவும் கூறியது. உள்துறைச் செயலாளர் நிலையிலான ஆணை, இரு மாதக் காலவரம்பு, மொத்தம் ஆறு மாதத்துக்கு மேற்படாமை, மறுஆய்வுக் குழு ஆகிய கட்டுப்பாடுகளையும் அது விதித்தது. 1885 முதல் வகுக்கப்படாதிருந்த பாதுகாப்பு நெறிமுறைகள் 111 ஆண்டுகளுக்குப் பின்னர் உருவாயின. அவ்வறிக்கை இதழ் வழியே மக்கள் பார்வைக்கு வந்திராவிடில் மனு எதனை ஆதாரமாகக் கொண்டிருக்கும் என எண்ணிப்பார்த்தல் தகும்.

2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் ஒரு முக்கியமான படிநிலை. வெளியிடுவதால் விளையும் பொதுநலன் தீங்கினும் மிகுதியாயின், அலுவலக இரகசியச் சட்டம் இருப்பினும் தகவலை அளிக்கலாம் என அதன் 8(2) பிரிவு கூறுகிறது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டுகள் நீங்கலாக, உளவு நிறுவனங்களுக்கு விலக்களிக்கிறது. 2019 ஏப்ரல் 10இல் ரஃபேல் விமானக் கொள்முதல் வழக்கில், ‘தி இந்து’ நாளிதழ் முதலியவற்றில் வெளியான இரகசிய ஆவணங்களைப் பரிசீலிக்கலாகாது என்ற அரசின் தடைவாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் மறுஆய்வு மனுக்கள் தள்ளப்பட்டன. எனினும் ஆவணம் வந்த வழி பற்றிய அந்நெறி நிலைபெற்றது. 2021 ஜூலையில் பெகாசஸ் உளவு மென்பொருள் பற்றிய செய்திகள் வெளியானபின், அக்டோபர் 27இல் அதே நீதிமன்றம், தேசப் பாதுகாப்பு என்று சொன்ன அளவிலேயே அரசு விசாரணையிலிருந்து விடுபட்டுவிட முடியாது எனக் கூறி வல்லுநர் குழுவை அமைத்தது. ஆய்வுக்கு வந்த 29 கருவிகளுள் ஐந்தில் தீங்கு மென்பொருள் இருந்ததாகவும், அது பெகாசஸ் என உறுதிப்படவில்லை எனவும் 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் தெரிவித்தது. வெளியான செய்தி அனைத்தும் மெய்ப்பிக்கப்பட்டுவிடுவதில்லை என்பதற்கும் இது சான்று. ஆனால் மெய்ப்பிக்க முயலும் வாய்ப்பே செய்தி வெளியானபின்தான் தோன்றியது.

முடிவுரை

மேற்கண்ட நிகழ்வுகளை ஒப்புநோக்கும்போது, அரசின் கண்காணிப்பு இரகசியங்களை வெளியிடுதல் நியாயம் அல்லது அநியாயம் எனப் பொதுவாகக் கூறவியலாது என்பது புலனாகிறது. நான்கு அளவைகளை இவ்வரலாறு தருகிறது. வெளியிடப்படும் செய்தி சட்டமீறலையோ, மக்கள் அறியாமல் சட்டத்துக்குக் கொள்ளப்பட்ட பொருளையோ காட்டுவதாக இருத்தல் வேண்டும். முறையிடும் வாயில்கள் உண்மையிலேயே அடைபட்டிருத்தல் வேண்டும். வெளியிடுவோர் ஆவணங்களை ஆராய்ந்து, தனிமனித உயிருக்கு இடர் தருவனவற்றை விலக்குதல் வேண்டும். இறுதியாக, வெளியீடு தீர்ப்பாகாமல் தீர்ப்புக்கான விண்ணப்பமாக அமைதல் வேண்டும். மீடியா வெளியீடு இவை அனைத்தையும் பெரிதும் நிறைவு செய்கிறது. ஸ்னோடனின் வெளியீடு ஒரு பகுதியில் நிறைவு செய்து மறுபகுதியில் தடுமாறுகிறது.

கதவை உடைப்பதற்குச் சட்டம் முன்னனுமதி வழங்க இயலாது. ஆனால் பொதுநலனைக் காட்டி வெளியிட்டவர் நீதிமன்றத்தில் அக்காரணத்தை எடுத்துரைக்கவும், நீதிபதி அதனைச் சீர்தூக்கவும் சட்டம் இடமளிக்க இயலும். அத்தகைய இடம் இல்லாதவரை, நேர்மையானவரும் மறைந்தே செயற்படுவர்; பின்னர் அவர் மறைந்தது ஏன் என நாம் குறை கூறுவோம்.

ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியையும் வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒப்பிட்டுத் தெளிதல் வேண்டும் என்பது ஒற்றாடல் அதிகாரம் கூறும் மற்றொரு நெறி. ஒற்றின் சொல்லை மட்டும் நம்பி முடிவெடுத்தலாகாது என அக்காலத்திலேயே உணரப்பட்டிருந்தது. மன்னனுக்கு அன்று இரண்டாம் ஒற்றன் இருந்தான். மக்களாட்சியில் அவ்விடத்தை நிரப்ப வேண்டியவை நாடாளுமன்றமும் நீதிமன்றமும். அவை கண்ணயர்ந்த வேளைகளில், சட்டத்தின் ஒப்புதல் பெறாத சிலர் அப்பணியைச் செய்துள்ளனர் என்பதே மீடியா முதல் இன்று வரையிலான வரலாறு காட்டும் உண்மை.